‘பெரிய சிவப்பு’, ‘சிவப்புப் பெரிய’: தேடுபொறியை வைத்துப் பெயரடை வரிசையை ஆராய்வது எப்படி?

‘பெரிய சிவப்புப் பந்து’ என்றால் காதுக்குச் சரியாக இருக்கிறது. ‘சிவப்புப் பெரிய பந்து’ என்றால் எங்கோ நெருடுகிறது. பிழை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நாமாகப் பேசும்போது வாயில் அப்படி வருவதில்லை. ஆங்கிலத்திலும் இதே நிலைதான். ‘பிக் ரெட் பால்’ என்பார்கள், ‘ரெட் பிக் பால்’ என்று சொல்ல மாட்டார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை விளக்கும் ‘பெரிய’, ‘சிவப்பு’ போன்ற சொற்களைத்தான் பெயரடை, சுருக்கமாக அடை, என்கிறோம். தாய்மொழியில் இந்த வரிசையை யாரும் நமக்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தராமலே இத்தனை பேரும் ஒரே மாதிரி பேசுகிறோம் என்றால் அதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கத்தான் வேண்டும்.

அந்த ஒழுங்கைத் தேடிப் பார்க்க மொழியியல் துறையில் இடம் கிடைக்க வேண்டியதில்லை. ஒரு கணினி, ஒரு தேடுபொறி, ஓர் எக்செல் தாள், கொஞ்சம் பொறுமை போதும். முதன்முதலில் இதைச் செய்து பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நீங்கள் தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுங்கள்.

முதலில், இதுவரை தெரிந்தது என்ன?

ஆங்கில இலக்கண நூல்கள் பொதுவாகச் சொல்லும் வரிசை இது: கருத்து (‘அழகான’ போன்றவை), அளவு, வயது, வடிவம், நிறம், ஊர் அல்லது நாடு, செய்யப்பட்ட பொருள், பயன். 2016இல் இந்த வரிசை சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ‘இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாதே’ என்று வியந்தார்கள். ஆய்வாளர்களுக்கு இது பழைய விஷயம். 1991இல் ரிச்சர்ட் ஸ்ப்ரோட், சிலின் ஷி இருவரும் பல மொழிகளை ஒப்பிட்டு, வெவ்வேறு மொழிகளிலும் இதே போன்ற வரிசை தென்படுவதைக் காட்டினார்கள். சீன மொழியில் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் ஓர் இணைப்பு உருபு வந்துவிட்டால் வரிசை தளர்ந்துவிடுகிறது என்பதையும் சொன்னார்கள். இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வையுங்கள், தமிழுக்கு வரும்போது பயன்படும்.

2017இல் கிரெகரி ஸ்கான்ட்ராஸ், ஜூடித் டேகன், நோவா குட்மன் மூவரும் ஆங்கிலத்தில் காரணத்தையே தேடினார்கள். ஒருவர் ‘இது அழகான மேசை’ என்கிறார், இன்னொருவர் ‘இல்லை’ என்கிறார். இரண்டு பேரில் யாருமே தவறாக இருக்க வேண்டியதில்லை. ‘இது மர மேசை’ என்பதில் அப்படி மாறுபட முடியாது. இரண்டில் ஒருவர் சொல்வதுதான் உண்மை. இப்படி ஆளுக்கு ஆள் மாறக்கூடிய அடைகள் பெயரிலிருந்து தள்ளி நிற்கின்றன, மாறாதவை ஒட்டி நிற்கின்றன என்பது அவர்கள் கண்டது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. இலக்கணப் பட்டியல் ‘எப்படி’ என்று மட்டும் சொல்கிறது, இது ‘ஏன்’ என்பதைத் தொடுகிறது.

சரி, இதற்கு எதற்குத் தேடுபொறி? இரண்டு பெயரடைகள் அடுத்தடுத்து வருவதே எழுத்தில் குறைவு. குறிப்பிட்ட இரண்டு சொற்கள் சேர்ந்து வருவது அதைவிடக் குறைவு. மொழி ஆய்வுக்காகத் திரட்டிவைத்த உரைத் தொகுப்பைத் தரவகம் என்பார்கள். 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்திலேயே தேடினாலும் பல இணைகள் ஒருமுறைகூடக் கிடைக்காது. அதனால்தான் ஃபிராங்க் கெல்லரும் மிரெல்லா லபாடாவும் அல்டாவிஸ்டா, கூகுள் ஆகிய தேடுபொறிகள் காட்டும் எண்ணிக்கையைத் தரவாக எடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வந்த அவர்கள் கட்டுரை, தேடுபொறி எண்ணிக்கை தரவக எண்ணிக்கையோடும் மனிதர்கள் தரும் மதிப்பீட்டோடும் ஒத்துப்போவதைக் காட்டியது. அடுத்து அவர்கள் செய்த வேலையில் பெயரடை வரிசையும் ஒரு சோதனையாக இடம்பெற்றது.

கேள்வியைச் சுருக்குங்கள்

‘தமிழில் பெயரடை வரிசை என்ன?’ என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். ‘அளவைச் சொல்லும் அடை, நிறத்தைச் சொல்லும் அடைக்கு முன்னால் வருகிறதா?’ என்று தொடங்குங்கள். இரண்டு வகை, இரண்டு வரிசை, ஆம் அல்லது இல்லை. இதில் ஒரு முடிவு கைக்கு வந்த பிறகு வயது, வடிவம் என்று போகலாம். முதல் முறைக்கு அளவும் நிறமும்தான் நல்லது. இரண்டுக்கும் சொற்கள் நிறைய உண்டு, ஏறக்குறைய எந்தப் பொருளுக்கும் பொருந்தும்.

சொற்பட்டியல்: ஆய்வின் பாதி வேலை இங்கேதான்

மூன்று அளவுச் சொற்கள் (பெரிய, சின்ன, சிறிய), நான்கு நிறச் சொற்கள், பத்துப் பெயர்ச்சொற்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுச் சொல்லையும் நிறச் சொல்லையும் தேர்ந்தெடுப்பது எளிது. பெயர்ச்சொல்லில்தான் கவனம் வேண்டும்.

‘சின்னப் பச்சை மிளகாய்’ என்பதை எடுத்துப் பாருங்கள். ‘பச்சைச் சின்ன மிளகாய்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். இதை வைத்து ‘நிறம் பெயரை ஒட்டி நிற்கிறது’ என்று எழுதிவிடலாமா? கூடாது. பச்சை மிளகாய் என்பது ஒரு பொருளின் பெயர். வற்றல் மிளகாயிலிருந்து அதைப் பிரித்துச் சொல்கிறோமே தவிர, மிளகாயின் நிறத்தை வர்ணிக்கவில்லை. பச்சைப் பயறு, வெள்ளைப் பூண்டு, கறுப்பு உளுந்து, சிவப்பரிசி எல்லாம் இதே கதை. இவற்றின் நடுவில் வேறொரு சொல்லை நுழைக்கவே முடியாது. ஆங்கிலத்தில் ‘கிரீன் டீ’, ‘ரெட் வைன்’, ‘பிளாக்போர்ட்’ அப்படிப்பட்டவை. பட்டுப்புடவையும் அப்படித்தான். ‘சிவப்புப் பட்டுப்புடவை’ என்ற வரிசை உறுதியாகக் கிடைக்கும், ஆனால் அது நிறத்துக்கும் துணி வகைக்கும் உள்ள வரிசையைக் காட்டுகிறதா, பட்டுப்புடவை ஒரே சொல்லாகிவிட்டதைக் காட்டுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு பெயர்ச்சொல் உங்கள் ஆய்வுக்குத் தகுதியானதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நிறத்தை மாற்றிப் பாருங்கள். பச்சை மிளகாய் பழுத்துச் சிவந்தாலும் அதே வகைதான், ஆனால் அப்போது அதற்குப் பெயர் வேறு. பந்து, பை, பூ, கதவு, கார், வாளி, குடை, நாய், பறவை, கட்டடம் என்று எடுத்தால் எந்த நிறம் போட்டாலும் அது அதேதான். இவை பாதுகாப்பானவை. இந்தப் பட்டியலில்கூட ‘பை’யோடு ‘மஞ்சள்’ சேர்த்தால் சிக்கல்: மஞ்சப்பை தமிழ்நாட்டில் ஒரு தனிப் பொருள், 2021இல் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு இன்னும் அதிகமாக எழுத்தில் புழங்குகிறது. ‘மஞ்சள்’ என்பது நிறமா, சமையலறை மஞ்சளா என்ற குழப்பம் வேறு. முதல் ஆய்வுக்கு மஞ்சளையும் ஆரஞ்சையும் விட்டுவிடுங்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, நீலம் போதும்.

தேடும் முறை

தேடும் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் இந்தச் சொற்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பக்கங்களும் வந்துவிடும். கூகுளில் ‘டூல்ஸ்’ பொத்தானை அழுத்தி ‘வெர்பாடிம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் நீங்கள் கேட்ட சொல்லுக்குப் பதிலாக வேறு எழுத்துமுறையை அது தானாக எடுத்துக்கொள்ளாது. கணக்கிலிருந்து வெளியேறி, தனிப்பட்ட சாளரத்தில் தேடுங்கள். இரண்டு வரிசைகளையும் ஒரே அமர்வில், ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுங்கள். ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் தேடினால் ஒப்பிட முடியாது, ஏனென்றால் தேடுபொறி சேர்த்துவைத்திருக்கும் பக்கங்களின் பட்டியல் நாளுக்கு நாள் மாறுகிறது.

செய்தித்தாள் நடையை மட்டும் பார்க்க வேண்டுமானால் ‘சைட்’ கட்டளையைப் பயன்படுத்தி ஒரே தளத்துக்குள் தேடலாம். தமிழ்நாட்டு நாளிதழ் ஒன்றையும் வீரகேசரி போன்ற இலங்கை நாளிதழ் ஒன்றையும் இப்படித் தனித்தனியே தேடி ஒப்பிடுவது நல்ல துணைக் கேள்வி.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நிரல் எழுதி நூற்றுக்கணக்கில் தானாகத் தேடவைப்பது. தேடுபொறிகளின் விதிமுறை அதை அனுமதிப்பதில்லை, விரைவில் தடுத்தும்விடுவார்கள். கையால் செய்யக்கூடிய அளவுக்கு ஆய்வைச் சிறிதாக வைத்துக்கொள்வதே நல்லது.

மேலே தெரியும் எண்ணை நம்பாதீர்கள்

தேடியதும் ‘சுமார் இத்தனை முடிவுகள்’ என்று ஓர் எண் வரும். கூகுளில் இப்போது அது பல சமயம் ‘டூல்ஸ்’ பொத்தானுக்குள்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இரண்டு வரிசைக்கும் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வகுத்து, முடிவு எழுதிவிடுகிறார்கள். அந்த எண் ஒரு மதிப்பீடு. கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள், லட்சம் என்று சொன்ன இடத்தில் சில நூறு முடிவுகளோடு நின்றுவிடும்.

சொல் அகராதிகளுக்கான மென்பொருள் உருவாக்கியவரும் தரவக ஆய்வில் பெரிய பெயருமான ஆடம் கில்காரிஃப் 2007இல் இதைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். தேடுபொறிக்குச் சொல்லின் வகை தெரியாது, ஒரே சொல்லின் வேறுவேறு வடிவங்களைச் சேர்த்து எண்ணாது, தேடும் முறையும் காட்டும் முடிவும் கட்டுப்படுத்தப்பட்டவை, அது எண்ணுவது பக்கங்களைத்தான், தொடர் எத்தனை முறை வந்தது என்பதை அல்ல. அவர் சொன்ன ஒவ்வொன்றும் இன்றைக்கும் பொருந்தும். ஆனாலும் தேடுபொறியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட அது போதும். எவ்வளவு சாய்கிறது என்று கேட்கத்தான் அதனிடம் போகக் கூடாது.

இனி வாசிக்க வேண்டும்

ஒவ்வொரு வரிசைக்கும் முதல் ஐம்பது முடிவுகளைத் திறந்து, தொடர் வரும் வாக்கியத்தை எக்செல் தாளில் ஒட்டுங்கள். பக்கத்துக் கட்டத்தில் ‘உண்மையான எடுத்துக்காட்டு’ அல்லது ‘குப்பை’ என்று குறியுங்கள். குப்பை என்றால் என்ன காரணம் என்றும் ஒரு சொல்லில் எழுதுங்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறவர்களின் முடிவை நான் நம்புவதில்லை. காரணம் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘ரெட் பிக் பால்’ என்று தேடிப் பாருங்கள். கிடைக்கும் பக்கங்களில் பெரும்பகுதி ஆங்கில இலக்கணப் பாடங்களாக இருக்கும். ‘இப்படிச் சொல்லக் கூடாது’ என்று விளக்குவதற்காகவே அங்கே அந்தத் தொடர் எழுதப்பட்டிருக்கிறது. தவறான வரிசைக்கு எடுத்துக்காட்டாகப் புகழ்பெற்றுவிட்டதாலேயே அந்தத் தொடருக்கு எண்ணிக்கை ஏறுகிறது! எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. சரியான வரிசைப் பக்கமும் சுத்தம் அல்ல: ‘பிக் ரெட்’ என்பது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளின் பெயர், ஒரு சூயிங்கம்மின் பெயரும்கூட.

தமிழில் இதற்கு நேர் இணை ஒன்று உண்டு. ‘பெரிய கருப்பு’, ‘சின்னக் கருப்பு’ என்று தேடினால் மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் காவல் தெய்வங்களும், பெரியகருப்பன், சின்னக்கருப்பன் என்ற ஆட்பெயர்களும் வந்து நிற்கும். ஒரு கோயில் திருவிழாச் செய்தியை நிற ஆய்வுக்குள் எண்ணிவிடக் கூடாது அல்லவா? ‘கறுப்புப் பெரிய’ பக்கத்தில் கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை பற்றிய செய்திகள் வரலாம், அதையும் கவனியுங்கள்.

அடுத்த தொல்லை நிறுத்தக்குறி. தேடுபொறி காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக் கண்டுகொள்வதில்லை. ‘எனக்குப் பிடித்த நிறம் சிவப்பு. பெரிய வீடு ஒன்று…’ என்பதும் அதற்கு ‘சிவப்பு பெரிய’தான். காற்புள்ளி போட்டு அடுக்கிய இடங்களைத் தனியாகக் குறியுங்கள், எறிந்துவிடாதீர்கள். ‘நீளமான, கறுப்பான, அடர்ந்த கூந்தல்’ என்று அடுக்கும்போது ஒவ்வோர் அடையும் தனித்தனியாகப் பெயரோடு சேர்கிறது, அங்கே வரிசைக் கட்டுப்பாடு இளகுவது இயல்பு.

பிறகு வணிகத் தளங்கள். ‘பெண்கள் சிவப்பு பெரிய கைப்பை காட்டன் புதியது’ என்பது வாக்கியமே அல்ல, தேடுபொறியில் அகப்பட வேண்டும் என்பதற்காக அடுக்கிய சொற்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் வந்த பக்கங்களும் அப்படித்தான், அங்கே தெரிவது மூலமொழியின் வரிசை. ஒரே செய்தி பத்துத் தளங்களில் வந்திருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள்.

கூகுள் டிரெண்ட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது மக்கள் எதைத் தேடினார்கள் என்று காட்டுகிறது, எப்படி எழுதினார்கள் என்று அல்ல. தேடல் பெட்டியில் நாம் இலக்கணப்படி எழுதுவதில்லை. பெயரடை வரிசைக்கு அது உதவாது.

கணக்கு

வாசித்து முடித்ததும், ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பங்கு உண்மையானது என்று தெரியும். தேடுபொறி காட்டிய எண்ணை அந்தப் பங்கால் பெருக்குங்கள். கடைசிப் பக்கம் வரை போய் எண்ணக்கூடிய அளவு குறைவாக இருந்தால் அந்த நேரடி எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் மேல். பிறகு விகிதம். ஒரு கணக்குக்காக, வடிகட்டிய பிறகு ‘பெரிய கறுப்பு’ 46, ‘கறுப்புப் பெரிய’ 4 என்று வைத்துக்கொள்வோம். 46ஐ 50ஆல் வகுத்தால் 0.92. ஒன்றுக்கு அருகில் வந்தால் அளவு முதலில், பாதிக்கு அருகில் வந்தால் வரிசை பற்றி மொழிக்குக் கவலை இல்லை.

எல்லாப் பெயர்ச்சொல்லையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். ‘பெரிய சிவப்பு கார்’ மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து மற்ற ஒன்பதையும் மறைத்துவிடும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் தனி விகிதம் போட்டு, எத்தனை சொற்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று எண்ணுங்கள். பத்தில் ஒன்பதோ பத்துமோ ஒரே பக்கம் சாய்ந்தால், வரிசையே இல்லாத மொழியில் தற்செயலாக அப்படி அமையும் வாய்ப்பு சுமார் 2 விழுக்காடுதான். நாணயம் சுண்டும் கணக்குதான் இது, பெரிய புள்ளியியல் தேவையில்லை.

ஆங்கிலத்துக்கு இன்னொரு வழி: என்கிராம் வியூவர்

கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர் 2010 டிசம்பரில் வந்தது. எண்ணிம வடிவமாக்கிய புத்தகங்களில் ஒரு தொடர் ஆண்டுவாரியாக எத்தனை விழுக்காடு வந்திருக்கிறது என்று கோடு வரைந்து காட்டும், ஐந்து சொற்கள் வரை தேடலாம். நமக்கு இதில் இரண்டு வசதிகள். நிறுத்தக்குறியை இது தனிச் சொல்லாக எடுத்துக்கொள்வதால் ‘ரெட், பிக்’ என்பது ‘ரெட் பிக்’ கணக்கில் சேராது. அப்புறம், தேடல் பெட்டியிலேயே கூட்டல், வகுத்தல் செய்யலாம். ‘பிக் ரெட்’ வகுத்தல் அடைப்புக்குறிக்குள் ‘பிக் ரெட்’ கூட்டல் ‘ரெட் பிக்’ என்று கொடுத்தால் நம் விகிதமே கோடாக வரும். இருநூறு ஆண்டு ஆங்கிலத்தில் அந்தக் கோடு அசைகிறதா என்று பார்ப்பது தனி மகிழ்ச்சி.

இதன் வரம்பு ஒன்றை மறக்காதீர்கள். 40 புத்தகங்களுக்குக் குறைவாக வந்த தொடரை அது காட்டாது. ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் ‘யாருமே எழுதவில்லை’ என்று பொருள் அல்ல. தலைகீழ் வரிசை அரிதாகத்தான் இருக்கும் என்பதால் இந்த வரம்பு நம் கேள்வியை நேரடியாகவே பாதிக்கும். இந்தியா, இலங்கை ஆங்கிலத்தைத் தனியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மார்க் டேவிஸ் உருவாக்கிய குளோப் தரவகத்துக்குப் போகலாம். 20 நாடுகளின் இணைய ஆங்கிலம் நாடுவாரியாகப் பிரிந்து கிடக்கிறது.

என்கிராம் வியூவரில் தமிழ் இல்லை. அதனால் தமிழுக்கு நாமே தரவகம் செய்துகொள்ள வேண்டும்.

தமிழுக்கு: சொந்தத் தரவகம்

தேடுபொறியில் தமிழை இந்த அளவு நுணுக்கமாகத் தேட முடியாததற்குக் காரணம் நம் எழுத்து வழக்கு. ஒரே பொருளை இணையத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் பாருங்கள்: சிவப்புப் பட்டுப்புடவை, சிவப்பு பட்டுப்புடவை, சிவப்பு பட்டு புடவை, சிகப்பு பட்டு சேலை, சிவப்பு நிறப் பட்டுச்சேலை, சிவப்பு கலர் பட்டு சேலை. ஒற்று மிகுவது, மிகாதது, சேர்த்து எழுதுவது, பிரித்து எழுதுவது, கறுப்பா கருப்பா என்பது, எல்லாமே மேற்கோள் குறிக்குள் தனித்தனித் தேடல். இதோடு வேற்றுமை உருபு: பந்து, பந்தை, பந்தால், பந்துக்குள். பத்துப் பெயர்ச்சொல்லுக்கு நூற்றுக்கணக்கான தேடல் ஆகிவிடும்.

அதனால் உரையை நம் கணினிக்கே கொண்டுவந்துவிடுவோம். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் பல மொழிகளுக்கு வாக்கியத் தொகுப்புகளை இலவசமாகத் தருகிறது, தமிழும் உண்டு. ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று இருப்பதால் நம் வேலைக்கு மிக வசதி. தமிழ் விக்கிப்பீடியாவின் முழு உரையையும் விக்கிமீடியா தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டம் வழியாக ஆங்கிலத்திலிருந்து வந்த கட்டுரைகள் அங்கே நிறைய உண்டு. அவற்றில் ஆங்கில வரிசை அப்படியே படிந்திருக்கக் கூடும். எந்தக் கட்டுரையில் கிடைத்தது என்பதையும் குறித்துக்கொண்டால் பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

தேடுவதற்கு ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருள் போதும். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கியது. தேடிய தொடரை நடுவில் வைத்து, இருபக்கமும் உள்ள சொற்களோடு வரிவரியாகக் காட்டும். ஒழுங்குக்கோவை, அதாவது பல சொல்வடிவங்களை ஒரே தேடலில் அடக்கும் குறியீட்டுத் தொடர், எழுதித் தேடும் வசதியும் உண்டு. பெரிய, சின்ன, சிறிய ஆகிய மூன்றையும் அடைப்புக்குறிக்குள் செங்குத்துக் கோட்டால் பிரித்துப் போட்டு, இடைவெளி விட்டு, நிறச் சொற்களை அதேபோல் போட்டால் எல்லா இணையும் ஒரே தேடலில் வந்துவிடும். தலைகீழ் வரிசைக்கு நிறச் சொல்லின் பின்னால் ‘ப்’ அல்லது ‘ச்’ வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று கொடுக்க வேண்டும்: சிவப்புப் பெரிய, சிவப்புச் சின்ன.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. நம் கண்ணுக்கு ‘ப்’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ‘ப’வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஒழுங்குக்கோவையில் சதுர அடைப்புக்குள் ‘ப்ச்’ என்று போட்டால் அது ப, புள்ளி, ச என்று தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு தவறான முடிவு தரும். எப்போதும் வளைந்த அடைப்புக்குறிக்குள், நடுவில் செங்குத்துக் கோடு போட்டே எழுதுங்கள். அதேபோல் ‘பொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறி ஒரே குறியாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். தேடத் தொடங்கும் முன் முழு உரையையும் ஒருமுறை யூனிகோடின் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

அரிய வரிசைதான் அதிகம் சொல்லும்

எண்ணி முடித்ததும் பெரும்பான்மையை ஒதுக்கிவைத்துவிட்டு, தலைகீழாக வந்த எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் வேண்டாம். அந்தச் சில வரிகளில்தான் வரிசையின் காரணம் தெரியும்.

சமையலறையில் கேட்கும் ஒரு வாக்கியம்: ‘அந்தச் சிவப்புப் பெரிய டப்பாவை எடு, நீலப் பெரிய டப்பா வேண்டாம்.’ இது கொஞ்சமும் நெருடவில்லை. ஏன்? அலமாரியில் பெரிய டப்பாக்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன, ‘பெரிய டப்பா’ ஏற்கெனவே ஒரு வகையாகிவிட்டது. அதில் எது என்று பிரிக்க நிறம் வருகிறது, பிரிக்கும் சொல் முன்னால் போய் நிற்கிறது. உங்கள் எடுத்துக்காட்டுகளில் இப்படி எதிரெதிராக வைத்துச் சொல்லும் இடங்கள் எத்தனை என்று ஒரு கட்டம் போட்டு எண்ணுங்கள்.

இரண்டாவது, ‘ஆன’. ‘சிவப்பு பெரிய பூக்கள்’ என்பதைவிடச் ‘சிவப்பான பெரிய பூக்கள்’ நன்றாக ஒலிக்கிறது. ‘சிவப்பு நிறமுடைய பெரிய பூக்கள்’ என்றால் நெருடலே இல்லை, செடி வர்ணனைகளில் இயல்பாக வரக்கூடியது. ‘சிவப்பு’ என்று வெறுமனே நிற்கும்போது அது பெயரை ஒட்டி நிற்க விரும்புகிறது. ‘ஆன’, ‘உடைய’, ‘நிறமுள்ள’ என்று பெயரெச்சத்தன்மை கொண்ட ஒன்று சேர்ந்துவிட்டால் அது ஒரு குட்டி வாக்கியம்போல ஆகி, முன்னே பின்னே நகர இடம் கிடைக்கிறது. சீன மொழி பற்றி ஸ்ப்ரோட்டும் ஷியும் சொன்னது இங்கேதான் நமக்குக் கைகொடுக்கிறது. ஆகவே தாளில் இன்னொரு கட்டம்: நிறச் சொல் வெறும் வடிவமா, ‘ஆன’ சேர்ந்ததா, ‘நிற’ சேர்ந்ததா. மூன்றுக்கும் தனி விகிதம் போடுங்கள். வெறும் வடிவத்தில் வரிசை இறுக்கமாகவும் ‘ஆன’ வடிவத்தில் தளர்ந்தும் வந்தால், கையில் ஒரு நல்ல ஆய்வு முடிவு இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். வராவிட்டாலும் அது முடிவுதான், அப்படியே எழுதுங்கள்.

நேரம் இருந்தால் 2017 ஆய்வின் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அடைக்கும் ‘இதில் இரண்டு பேர் மாறுபட்டால், இரண்டு பேரும் சரியாக இருக்க முடியுமா?’ என்று நண்பர்கள் இருபது பேரிடம் கேட்டு மதிப்பெண் வாங்குங்கள். கேட்கும்போது வரிசை பற்றிய ஆய்வு என்று சொல்ல வேண்டாம், பதில் சாய்ந்துவிடும். மாறுபாட்டு மதிப்பெண் அதிகமுள்ள அடை முன்னால் நிற்கிறதா என்று உங்கள் விகிதங்களோடு வைத்துப் பாருங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

தேடிய தேதி, எந்தத் தேடுபொறி, மேற்கோள் குறிக்குள் என்ன தட்டச்சிட்டீர்கள், மொழி அமைப்பு, எத்தனை முடிவுகளைப் படித்தீர்கள், எத்தனையைக் குப்பை என்று ஒதுக்கினீர்கள், ஏன். தரவகம் என்றால் கோப்பின் பெயரும் இறக்கிய தேதியும். வடிகட்டிய வேலையில் ஒரு பகுதியை, நூறு வரியாவது, இன்னொருவரிடம் கொடுத்து அவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். எங்கெல்லாம் இருவரும் வேறுபடுகிறீர்களோ அந்த இடத்தில் உங்கள் வரையறை தெளிவில்லை என்று பொருள். சமூக ஊடகப் பதிவுகளை எடுத்துக்காட்டாகத் தரும்போது எழுதியவரின் பெயரை நீக்கிவிடுங்கள். எக்செல் தாளையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுங்கள்.

அளவும் நிறமும் முடிந்ததும் அடுத்து எதை எடுப்பது என்று கேட்டால், வயதும் நிறமும் என்பேன்: ‘பழைய நீலச் சட்டை’, ‘நீலப் பழைய சட்டை’. அதற்கடுத்து அளவும் கருத்தும். ‘பெரிய அழகான வீடு’, ‘அழகான பெரிய வீடு’ இரண்டுமே என் காதுக்குச் சரியாகத்தான் ஒலிக்கின்றன, ஆங்கிலப் பட்டியலோ கருத்து முதலில் வர வேண்டும் என்கிறது. ‘அழகான’ என்பதில் ‘ஆன’ இருப்பதுதான் காரணமா என்று பார்க்க ‘நல்ல’ என்பதை அதன் இடத்தில் வைத்து ஒருமுறை தேடுங்கள்: ‘நல்ல பெரிய வீடு’, ‘பெரிய நல்ல வீடு’. ‘நல்ல பெரிய’ என்பதில் ‘நல்ல’ வெறும் அழுத்தச் சொல்லாக, ‘நன்றாகவே பெரிய’ என்ற பொருளில் வரும் இடங்களை மட்டும் தனிக் கட்டத்தில் குறித்து வையுங்கள்.